இல்லத்திற் கரந்துறையும் காந்தங்கள்

காந்தம் என்னும் சொல்லைக் கேட்டவளவில் நம்மிற் பெரும்பாலோர்க்கு நினைவிற்கு வருவது, சிவப்பு வர்ணம் பூசப்பெற்றுக் குதிரை லாடத்தின் வடிவாய் வளைந்த ஓர் இரும்புத் துண்டேயாகும். பள்ளிக்கூடத்து அலமாரியே அதன் உறைவிடம். ஆசிரியர் ஆண்டிற்கொருமுறை அதனை வெளியே எடுத்துக் குண்டூசிகளைத் தூக்கிக் காட்டுவர். பின்னர் அது மீண்டும் அலமாரியுட் புகும். "உங்கள் இல்லத்திற் காந்தம் உண்டோ?" என ஒருவரை வினவின், "இல்லை" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை உண்மையோடு பொருந்துவதன்று. மின்சாரம் புகுந்த இல்லம் எதுவாயினும் அதன்கண் பல காந்தங்கள் உள்ளன. கதவின் ஓரத்திலும், விசிறியின் வயிற்றிலும், சோறு சமைக்கும் கலத்தின் அடியிலும், நம் சட்டைப் பையிலுங்கூட அவை மறைந்திருந்து தொழில் புரிகின்றன. புறத்தே தோன்றாமல் தொழில் புரிதல் அவற்றின் சிறப்பு. அங்ஙனம் தோன்றாமையே அவற்றால் நேரும் தீங்குகளுக்கும் காரணமாகின்றது. ஆதலின், நாம் நாடோறும் கையாளும் பொருள்களிற் காந்தம் எங்கெங்கு உறைகின்றது, ஆங்கு அது யாது செய்கின்றது, அதனிடத்து நாம் கொள்ளவேண்டிய எச்சரிக்கை யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய முற்படுகின்றோம்.

காந்தக் கல் இரும்பை இழுக்கும் என்பதைப் பண்டையோர் நன்கு அறிந்திருந்தனர். நம் நாட்டுத் தத்துவ நூலார் இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை விளக்குதற்குக் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக எடுத்தாண்டனர். கடலோடிகள் காந்தவூசியின் துணைகொண்டு திசையறிந்து கலஞ் செலுத்தினர். எனினும், காந்தத்தின் இயல்பைச் சோதனை வாயிலாக முறைப்பட ஆராய்ந்தவருள் முதல்வராக வைத்தெண்ணத் தக்கவர் இங்கிலாந்து தேசத்து மருத்துவராகிய வில்லியம் கில்பர்ட் என்பவரே. 1600-ஆம் ஆண்டில் அவர் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில், பூமியே ஒரு பெருங் காந்தம் என்றும், அதனாலேயே காந்தவூசி வடக்கு நோக்குகின்றது என்றும் நிறுவினார். பின்னர் 1820-இல் டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயுங் கம்பியின் அருகே காந்தவூசி விலகித் திரும்புதலைக் கண்டார். 1831-இல் மைக்கேல் பாரடே, கம்பிச் சுருளின் உள்ளே காந்தத்தை அசைப்பின் அச்சுருளில் மின்னோட்டம் பிறத்தலைக் கண்டறிந்தார். மின்சாரத்தினின்று காந்தமும், காந்தத்தினின்று மின்சாரமும் பிறக்கும் என்னும் இவ்விரண்டு உண்மைகளின்மேலேயே நம் இல்லத்து மின்கருவிகள் பெரும்பாலனவும் நிற்கின்றன.

காந்தமல்லாத இரும்பு எவ்வாறு காந்தமாகின்றது என்பதை ஓர் உவமையால் விளக்குவாம். சந்தையிற் கூடிய மக்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையை நோக்கி நிற்பர். அவர்கள் வலிமை ஒன்றுசேர்வதில்லை. அவர்களே திருவிழாவில் வடம் பிடித்து ஒரு திசை நோக்கி இழுப்பாராயின் பெருந்தேரும் அசையும். இரும்பினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத சிறுசிறு பகுதிகள் உள. அவை ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தமே. அவை நாலாதிசையும் நோக்கிக் கிடக்குங்கால் இரும்பு வாளாகிடக்கும்; ஒரு முகமாகத் திரும்பியபோது காந்தமாகும். மெல்லிரும்பில் இவ்வொழுங்கு எளிதில் அமைந்து எளிதிற் கலையும். வன்மையான எஃகிலும் வேறு சில கலவைகளிலும் ஒருமுறை அமைந்த ஒழுங்கு நெடுங்காலம் நிலைபெறும். பின்னது நிலைக்காந்தம் எனப்படும். மெல்லிரும்பின்மேற் கம்பி சுற்றி, மின்னோட்டம் பாயும்வரையில் மட்டும் காந்தமாய் நிற்குமாறு செய்வது மின்காந்தம். இல்லத்தில் இவ்விரு வகையும் உண்டு. அவை செய்யுந் தொழிலைப் பற்றுதல், இயக்குதல், அறிவித்தல், நினைவிற் கொள்ளுதல் என நான்காகப் பகுத்துக் கூறலாம்.

பற்றுதல் யாவரும் அறிந்த எளிய தொழில். அலமாரிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் நிற்பதும், மாணவரின் பென்சிற் பெட்டி மூடிக்கொள்வதும், பெண்டிரின் கைப்பை வாயடைத்துக்கொள்வதும் சிறு காந்தத் துண்டுகளாலேயே. தையற்காரர் தரையிற் சிந்திய ஊசிகளைக் காந்தத்தால் ஒரு நொடியில் திரட்டிக்கொள்வர். பொற்கொல்லர் அரத்தூளினின்றும் இரும்புப் பொடியை நீக்கிப் பொற்றூளைக் காப்பதற்குக் காந்தத்தையே நாடுவர். மாவு மில்களில் தானியம் இறங்கும் வழியிற் காந்தம் பொருத்துவதுண்டு. ஆணியோ இரும்புத் துணுக்கோ தானியத்தோடு கலந்து வரின், அஃது அங்கேயே தடுக்கப்படும். எந்திரமும் பழுதுறாது, மாவை உண்பார் வயிறும் தப்பும்.

பற்றுங் காந்தங்களுள் மனிதருயிரைக் காத்த பெருமை, குளிர்சாதனப் பெட்டியின் கதவிலுள்ள காந்தத்திற்கு உரியது. முற்காலத்தில் அப்பெட்டியின் கதவு தாழ்ப்பாளால் மூடப்பட்டது. வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்தாலன்றித் தாழ் விடுபடாது. அமெரிக்க நாட்டில், பழையனவென்று புறத்தே எறியப்பட்ட பெட்டிகளுள் ஒளிந்து விளையாடப் புகுந்த சிறுவர், கதவு தாழிட்டுக்கொள்ள, உள்ளிருந்து திறக்கவியலாமல் மூச்சுத் திணறி மாண்டனர். இத்துயரம் பலமுறை நிகழவே, உள்ளிருந்து தள்ளினாலும் திறக்கத்தக்க கதவே அமைக்கப்படல் வேண்டுமென 1956-ஆம் ஆண்டில் அந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. 1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. தாழ்ப்பாளின் இடத்தை நிரப்பியது காந்தப் பட்டையே. பெரைட் என்னும் காந்தப் பொருளின் தூளை ரப்பர் போன்ற நெகிழ்பொருளிற் கலந்து நீண்ட பட்டையாக்கி, கதவின் நாற்புறமும் உறைக்குள் வைத்துப் பொருத்துகின்றனர். குளிர் வெளியேறாவண்ணம் அது கதவை இறுகப் பற்றுகின்றது; ஒரு குழந்தை உள்ளிருந்து தள்ளினாலோ விட்டுக்கொடுக்கின்றது. பற்றவேண்டிய அளவிற்கு மேற்படாத வலிமையே ஈண்டுக் காந்தத்தின் அருமையாயிற்று.

இத்தகைய பட்டையின் அமைப்பை அறிதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டும் மெல்லிய விளம்பரக் காந்தங்கள் இரண்டை எடுத்து, அவற்றின் கரிய முகங்கள் ஒன்றையொன்று தொடுமாறு வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் இழுக்குங்கால் அவை வழுவழுப்பாக நகராமல், படிக்கட்டிற் குதித்திறங்குவனபோலத் தத்தித் தத்திச் செல்லும். அம்முகத்தில் வடதுருவமும் தென்துருவமும் வயலிற் பாத்திகள்போல மாறிமாறி அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

இனி இயக்குதல் என்னும் தொழிலைக் காண்போம். அழைப்பு மணியின் பொத்தானை அழுத்தியதும் உள்ளிருக்கும் மின்காந்தம் மெல்லிரும்புத் தகட்டை இழுக்கின்றது. தகட்டோடு இணைந்த சுத்தி மணியை அடிக்கின்றது. அவ்விழுப்பினாலேயே மின்னிணைப்பு அறுபட, தகடு பின்வாங்குகின்றது. மீண்டும் இணைப்பு உண்டாக, மீண்டும் இழுக்கப்படுகின்றது. பழைய மின்மணிகளின் ஓயாத ஓசை இவ்வாறு பிறப்பதே. தலைக்குமேற் சுழலும் சாதாரண மின்விசிறியில் நிலைக்காந்தம் கிடையாது. அதன் நடுவேயுள்ள அசையாத கம்பிச் சுருள்களில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுழலுகின்ற ஒரு காந்தப் புலம் உண்டாகின்றது. வெளிப்புறத்திலுள்ள பகுதி அப்புலத்தால் இழுபட்டு அதனைப் பின்தொடர்ந்து ஓடுகின்றது. நிழலைத் துரத்தும் கன்றுபோல அஃது எஞ்ஞான்றும் சிறிது பிற்பட்டே செல்லும்.

அண்மைக் காலத்தில் நிலைக்காந்தம் பொருத்திய மின்விசிறிகளும் கடைகளிற் கிடைக்கின்றன. கடைக்காரர் அவற்றை பி.எல்.டி.சி. விசிறி என்பர். சாதாரண விசிறி ஏறக்குறைய 75 வாட் மின்சாரம் கொள்ளுமிடத்து, இப்புதுவிசிறி ஏறக்குறைய 30 வாட் அளவே கொள்ளும். சுழலும் பகுதிக்குக் காந்தத்தன்மையைத் தருவதற்கென மின்சாரத்தை வீணே செலவிடவேண்டாமை அதற்கு ஒரு காரணமாகும். நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் சுழலும் விசிறி ஒன்றில் இவ்வேறுபாடு ஓராண்டில் ஏறத்தாழ 160 யூனிட் ஆகும். மாணவர் விடுதிகளில் எத்தனை விசிறிகள் சுழலுகின்றன என்று எண்ணிப் பெருக்கிக் காண்பாராயின், காந்தத்தால் வரும் சிக்கனம் இத்துணையதென்பது விளங்கும்.

ஒலிபெருக்கியும் காந்தத்தால் இயங்குவதே. வானொலிப் பெட்டியாயினும், கலியாணப் பந்தலிற் கட்டிய பெரிய கருவியாயினும், காதிற் செருகும் சிறு துண்டாயினும், அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. வளையவடிவான காந்தத்தின் குறுகிய இடைவெளியில் ஒரு மெல்லிய கம்பிச் சுருள் தொங்குகின்றது. அச்சுருள் காகிதம் போன்ற கூம்பொன்றோடு ஒட்டப்பட்டுள்ளது. பாடகரின் குரலுக்கேற்ப ஏறியிறங்கும் மின்னோட்டம் சுருளிற் பாயுங்கால், காந்தம் அதனை முன்னும் பின்னும் தள்ளுகின்றது. கூம்பு காற்றை அசைக்கின்றது. அவ்வசைவே நம் செவிக்கு இசையாகின்றது. இவ்வமைப்பை இன்றைய வடிவிற்குக் கொணர்ந்தவர்கள் அமெரிக்க எஞ்சினீயர்களாகிய ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், ஆண்டு 1925. இதனையே தலைகீழாக்கி, கூம்பின்முன் பேசினால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். மேடைப் பேச்சாளர் கையிற் பிடிக்கும் ஒருவகை மைக்கு அத்தகையதே.

மிதிவண்டியின் டைனமோவும் பாரடே கண்ட உண்மையின் சிறு வடிவமேயாகும். சக்கரத்தோடு உராய்ந்து சுழலும் சிறு தலையின் உள்ளே ஒரு நிலைக்காந்தம் கம்பிச் சுருளின் நடுவே சுழல, விளக்கு எரிகின்றது. மேட்டூர் அணையின் அடியில் வீழும் நீரும், அனல்மின் நிலையங்களிற் பொங்கும் நீராவியும் செய்வது இதுவே. அங்குச் சுழல்பவை பெரிய மின்காந்தங்கள் என்பதே வேறுபாடு. சூரியவொளியிலிருந்து நேரே பெறப்படும் மின்சாரம் நீங்கலாக, நம் இல்லத்துக்கு வரும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் எங்கோ ஓரிடத்திற் காந்தம் சுழன்றதன் பயனே.

மூன்றாவதாகிய அறிவித்தற் றொழிலுக்கு, மின்சாரத்தாற் சோறு சமைக்கும் குக்கரினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. சோறு வெந்ததை அக்கருவி எங்ஙனம் அறிந்து தானே அணைகின்றது? அதன் அடித்தட்டின் நடுவே வில்லின்மேல் நிற்கும் சிறு குமிழ் ஒன்றுண்டு. அதனுள் ஒரு நிலைக்காந்தமும், அதனால் இழுக்கப்படும் ஒரு பெரைட் துண்டும் உள. எக்காந்தப் பொருளும் ஒரு குறித்த வெப்பநிலையைக் கடந்தால் தன் இயல்பை இழக்கும் என்பதை 1895-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து அறிஞர் பியேர் கியூரி விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இரும்பிற்கு அவ்வெல்லை 770 டிகிரி சென்டிகிரேட். குக்கரிலுள்ள பெரைட்டோ, 100 டிகிரிக்குச் சிறிது மேற்பட்ட வெப்பத்திலேயே இயல்பிழக்குமாறு செய்யப்பட்டது. பாத்திரத்தில் நீர் உள்ளவரையில் வெப்பம் 100 டிகிரியைக் கடவாது. காந்தம் பெரைட்டைப் பற்றி நிற்கும். நீர் முழுதும் வற்றியவுடன் வெப்பம் ஏறும், பெரைட் இயல்பிழக்கும், வில் காந்தத்தைத் தள்ளிவிடும், "டக்" என்னும் ஓசையுடன் நெம்புகோல் மேலெழும். சோறு வெந்தது என்று நமக்கு அறிவிப்பது அவ்வோசையே.

அடுக்களையை விட்டு நீங்குமுன் இண்டக்ஷன் அடுப்பையும் நோக்குவோம். அதன் கண்ணாடித் தட்டின் கீழுள்ள சுருளில் மின்னோட்டம் ஒரு நொடியில் பல்லாயிரம் முறை திசைமாறிப் பாய்கின்றது. அதனால் எழும் காந்தப் புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைப் பிறப்பித்து, அடியையே சூடேற்றுகின்றது. இதற்குக் காந்தத்தால் இழுக்கப்படும் உலோகமே ஏற்றது; அலுமினியமும் பித்தளையும் சாதாரண அடுப்பிற் பயன்படா. எவர்சில்வர்ப் பாத்திரங்களுள்ளும் சில ஏற்கும், சில ஏலா. நிக்கல் மிகுதியாகக் கலந்த எவர்சில்வரின் உள்ளமைப்பு மாறுபட்டிருத்தலின் காந்தம் அதனைப் பெரிதும் பற்றுவதில்லை. ஆதலின் கடைக்குச் செல்வார் ஒரு சிறு காந்தத்தை உடன்கொண்டு போய்ப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்த்து வாங்குவாராயின் ஏமாற்றம் நேராது.

மின்சாரக் கணக்கை அறிவித்த பழைய மீட்டரிலும் காந்தம் உண்டு. அதனுள் ஓர் அலுமினியத் தட்டுச் சுழன்றுகொண்டிருந்ததைப் பலரும் கண்டிருப்பர். மின்காந்தங்கள் அத்தட்டைச் சுழலத் தூண்டின. அதன் ஓரத்தைக் கவ்வினாற்போல நின்ற நிலைக்காந்தம், அதனைத் தொடாமலே தடைசெய்தது. தூண்டுதலும் தடையும் சமன்பட்டமையால், செலவாகும் மின்சாரத்தின் அளவிற்குத் தக்க வேகத்தில் தட்டுச் சுழன்றது. அலுமினியம் காந்தத்தால் இழுக்கப்படாத உலோகம். எனினும் அது காந்தத்தின் அருகே நகருங்கால் அதனுட் பிறக்கும் மின்னோட்டம் அந்நகர்ச்சியையே எதிர்க்கின்றது. இப்போது எலெக்ட்ரானிக் மீட்டர்கள் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன.

நினைவிற் கொள்ளுதல் நான்காவது தொழில். ஒருமுறை அமைந்த ஒழுங்கு கலையாது நிற்றலே நிலைக்காந்தத்தின் இயல்பென்றோம். அவ்வியல்பே நினைவாகப் பயன்படுகின்றது. டென்மார்க்கு நாட்டினராகிய பௌல்சென் என்பார் 1898-இல், பேச்சை எஃகுக் கம்பியிற் காந்தக் குறிகளாகப் பதித்து மீண்டும் கேட்பிக்கும் கருவியைச் செய்தார். அதன் வழித்தோன்றலே ஒலிநாடா. 1963-இல் வெளிவந்த கையடக்கமான காசெட்டு, நம் நாட்டுச் சிற்றூர்களிலும் பாட்டை நிறைத்தது. பாங்கி அட்டையின் முதுகிலுள்ள கரிய கோடும் அத்தகைய காந்தப் பூச்சே. அதிற் பதிந்ததைக் கள்வர் எளிதிற் படியெடுத்தமையால், 2018-ஆம் ஆண்டு இறுதிக்குள் சில்லுப் பதித்த அட்டைகளே வழங்கப்படல் வேண்டுமென ரிசர்வ் பாங்கு பணித்தது. கணிப்பொறியின் தகவல்களைச் சுழலும் தட்டுகளிற் காந்தக் குறிகளாகச் சேமிக்கும் முறை 1956-இல் ஐ.பி.எம். கம்பெனியாரால் வெளியிடப்பட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் கூடி அன்று 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி அதனினும் பல இலட்சம் மடங்கு தாங்கும்.

காந்தங்கள் இங்ஙனம் சிறு கருவிகளுட் புகுந்தமைக்குக் காரணம், அவற்றின் வலிமை ஒரு நூற்றாண்டிற் பன்மடங்கு பெருகியமையே. பழைய எஃகுக் காந்தம் நீண்டதாகவோ லாடம்போல வளைந்ததாகவோ இருந்தாலன்றித் தன் வலியை விரைவில் இழக்கும். ஜப்பானியராகிய ஹோண்டா 1917-இல் கோபால்ட்டுக் கலந்த எஃகாலும், மிஷிமா 1931-இல் நிக்கலும் அலுமினியமும் கலந்த இரும்பாலும் வலிய காந்தங்களைச் செய்தனர். 1950-க்குப் பின்னர் விலைமலிந்த பெரைட் காந்தங்கள் பரவின. 1983-ஆம் ஆண்டளவில் ஜப்பானில் சகாவா என்பாரும், அமெரிக்காவில் குரோட் என்பாரும் தனித்தனியே ஆராய்ந்து, நியோடிமியம், இரும்பு, போரான் என்னும் மூன்றுங் கலந்த காந்தத்தை உலகிற்கு அறிவித்தனர். வலிமையிற் சிறந்து இன்று எங்கும் வழங்குவது இதுவே. இதன் சிறு துண்டொன்று தன் நிறையினும் நூற்றுக்கணக்கான மடங்கு நிறையைத் தூக்கவல்லது.

நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி இதற்குச் சான்று. அதன் ஒலிபெருக்கியிலும், அழைப்பு வருங்கால் அதிரச்செய்யும் சிறு மோட்டாரிலும், படக்கருவியின் வில்லையை நகர்த்தும் உறுப்பிலும் இத்தகைய காந்தங்கள் உள. சில கைப்பேசிகளின் முதுகிலும் உறைகளிலும், மின்னேற்றும் கருவியைப் பற்றிக்கொள்ளுதற்கென வலிய காந்த வளையமே பதித்துள்ளனர்.

இவ்விடத்திலேதான் எச்சரிக்கை வேண்டற்பாலது. இருதயத் துடிப்பைச் சீர்செய்யும் பேஸ்மேக்கர் என்னுங் கருவியைப் பெரும்பாலும் இடப்பக்கத்துக் காறை எலும்பின்கீழ், தோலினடியிற் பொருத்துவர். மருத்துவர் வேண்டும்போது வெளியே ஒரு காந்தத்தை வைத்து அதன் செயன்முறையை மாற்றுமாறு அது வேண்டுமென்றே அமைக்கப்பட்டுள்ளது. காந்தம் அருகே வரின் பேஸ்மேக்கர் ஒரே சீரான வேகத்திற் றூண்டத் தொடங்கும். ஆபத்துக் காலத்தில் மின்னதிர்ச்சி தந்து உயிர்காக்கும் வேறொரு வகைக் கருவியோ, காந்தம் அருகிலுள்ளவரையில் அத்தொழிலையே நிறுத்திவைக்கும். மருத்துவர் கையிலுள்ள காந்தத்தையும் கைப்பேசியிலுள்ள காந்தத்தையும் வேறுபடுத்தி அறிய அக்கருவிக்கு இயலாது. நம் ஆடவர் கைப்பேசியை வைப்பது சட்டையின் இடப்பக்கப் பையிலன்றோ! ஆகவே அக்கருவி பொருத்தப்பெற்றோர், கைப்பேசியை அதனின்றும் குறைந்தது 15 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். நம் இல்லங்களிலுள்ள முதியோர்க்கு இதனை எடுத்துரைப்பது மாணவர் கடமையாகும்.

இதனினும் கொடியது குழந்தைகளுக்கு நேரும் தீங்கு. மணிபோன்ற சிறு நியோடிமியக் காந்தங்களை விளையாட்டுப் பொருளாக விற்கின்றனர். உடைந்த பொம்மைகளினின்றும் அவை உதிர்வதுண்டு. தவறிப்போய் ஒரு காந்தத்தை மட்டும் குழந்தை விழுங்குமாயின் அது வெளியேறிவிடவுங் கூடும். இரண்டை விழுங்கினாலோ, ஒரு காந்தத்தோடு ஓர் இரும்புத் துண்டை விழுங்கினாலோ, அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தவாறே ஒன்றையொன்று இழுக்கும். இடையில் அகப்பட்ட குடற்சுவர் நசுங்கி, இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் துளைபடும். தொடக்கத்திற் காணும் குறிகள் வயிற்றுவலியும் வாந்தியுமே. அவற்றைச் சாதாரண நோயெனக் கருதிக் கைவைத்தியம் செய்து காலம் போக்குவோர் குழந்தையை இழக்கவும் நேரும். குழந்தை காந்தத்தை விழுங்கியதென்று ஐயம் எழுந்த அளவிலேயே, வலி தோன்றும் வரையிற் காத்திராமல், மருத்துவமனைக்கு எடுத்துச்சென்று, "காந்தம் விழுங்கியிருக்கலாம்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். எக்ஸ்-ரே படத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு மணிகள் ஒன்றெனத் தோன்றக்கூடுமாதலின், இச்சொல் மிகவும் இன்றியமையாதது. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தார், விழுங்கத்தக்க சிறுமையும் மிக்க வலிமையும் ஒருங்குடைய காந்தங்களை விளையாட்டுப் பொருளாக விற்றலைத் தடுத்து விதி வகுத்தனர். குளிர்சாதனப் பெட்டியின் கதவிற் குழந்தையைக் காத்த பொருளே, வலிமை மிக்கு வடிவு சுருங்கியபோது குழந்தைக்குக் கூற்றாயிற்று.

விழுங்கிய காந்தம் நன்மை செய்யும் இடமும் ஒன்றுண்டு. மாடுகள் தீனியோடு ஆணியையும் கம்பித் துண்டையும் விழுங்கிவிடும். அவை இரண்டாம் வயிற்றறையிற் றங்கி, சுவரைக் குத்தி, அருகிலுள்ள இருதயத்தையும் தாக்கக்கூடும். அதற்குப் பரிகாரமாகக் கால்நடை மருத்துவர் விரலளவான வழுவழுப்புள்ள காந்தம் ஒன்றை மாட்டின் வாய்வழியே செலுத்துவதுண்டு. அது வயிற்றறையிலேயே வாழ்நாள் முழுதும் கிடந்து, இரும்புத் துண்டுகளைத் தன்மேற் றிரட்டி வைத்துக்கொள்ளும். அவை சுவரைக் குத்தமாட்டா. ஈண்டுக் காந்தம் ஒன்றே. அதன் அளவும் பெரிது. குழந்தைக்கு நஞ்சாவதும் மாட்டிற்கு மருந்தாவதும் எண்ணிக்கையாலும் இடத்தாலும் அமைந்த வேறுபாடேயாம்.

இறுதியாக, இக்காந்தங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சிறிது நோக்குவோம். நியோடிமியம் அருமண் உலோகங்கள் எனப்படும் வகையைச் சார்ந்தது. அவ்வுலோகங்களைத் தாங்கிய மோனசைட் என்னும் கனிமம் நம் தென்கோடிக் கடற்கரை மணலிலேயே உள்ளது. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர், அக்காலத்துத் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த மணவாளக்குறிச்சிக் கரையோரத்து மணலில் அதனைக் கண்டறிந்தார். வாயு விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியத்திற்காகவே அன்று அதனை மேனாட்டார் கொண்டுசென்றனர். உடனிருந்த நியோடிமியத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. இன்று நிலைமை மாறிவிட்டது. உலகில் ஆக்கப்படும் அருமண் காந்தங்களிற் பெரும்பகுதி சீன தேசத்தில் ஆக்கப்படுகின்றது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டார் சிலவகை அருமண் பொருள்களையும் காந்தங்களையும் ஏற்றுமதி செய்தற்குக் கட்டுப்பாடு விதித்தபோது, பல நாட்டு மோட்டார்த் தொழிலாளரும் கலங்கினர். மணல் நம்மிடத்து இருத்தல் மட்டும் போதாது. தோரியம் கதிரியக்கமுடைய பொருளாதலின் மோனசைட்டைத் தோண்டலும் பிரித்தலும் மிக்க கவனத்தை வேண்டுவன. கரையோரத்து வாழ்வார் அதுபற்றி அஞ்சுதலும் இயல்பே. மணலினின்றும் உலோகத்தைப் பிரித்து, அதனினின்றும் காந்தம் ஆக்கும் வரையில் உள்ள படிகள் பல. அவற்றிற்குத் தேர்ந்த கல்வியும் நெடுநாட் பழக்கமும் வேண்டும்.

அங்ஙனம் அரிதிற் கிடைப்பதை நாம் எளிதில் எறிகின்றோம். ஒரு நியோடிமியக் காந்தத்தின் நிறையில் பத்தில் மூன்று பங்களவு அருமண் உலோகம். பழுதுபட்ட கணிப்பொறித் தட்டுப் பெட்டியிலும், உடைந்த காதொலிக் கருவியிலும், ஓய்ந்துபோன விசிறியிலும் அக்காந்தம் வலி குன்றாமலே கிடக்கின்றது. கருவி மாண்டாலும் காந்தம் மாள்வதில்லை. மின்னணுக் கழிவை வாங்கிப் பிரித்தெடுக்க உரிமை பெற்ற நிலையத்தார் இப்போது பல நகரங்களில் உள்ளனர். குப்பையோடு கலவாமல் அவர்களிடம் சேர்ப்பித்தல் நம்மால் இயலுவதே. தாமே பிரித்துப் பார்க்க விரும்பும் மாணவர் ஒன்றை மறத்தலாகாது. தட்டுப் பெட்டியிலுள்ள காந்தங்கள் ஒன்றோடொன்று பாய்ந்து ஒட்டுங்கால் இடைப்பட்ட விரலை நசுக்கும். உடைந்து தெறித்துக் கண்ணிலும் படும்.

ஆகவே, புதிய கருவி ஒன்று இல்லத்துட் புகும்போது மூன்று வினாக்களை எழுப்பி விடைகாணுமாறு நம் மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம். இதனுட் காந்தம் எங்குளது? அது பற்றுகின்றதோ, இயக்குகின்றதோ, அறிவிக்கின்றதோ, நினைவிற் கொள்கின்றதோ? அது கழன்று வீழின் யார் கையிற் படும்? முதல் இரு வினாக்களும் பௌதிக சாஸ்திரத்தைச் சார்ந்தவை. அவற்றிற்கு விடை காண்பார் பாடத்திற் றேர்ச்சி பெறுவர். மூன்றாவது வினாவிற்கு விடை கண்டு, சிதறிக்கிடக்கும் ஒரு சிறு மணியைத் தரையினின்றும் எடுத்து உயரத்தில் வைப்பவர், தம் இல்லத்துக் குழந்தையை ஒரு பெருந்துன்பத்தினின்றும் காத்தவராவர்.